கண் கலங்காத வெங்காயம்

வெங்காயம் நறுக்கும்போது கண் கலங்கவே இல்லை என்பது ஜெனிஃபருக்குக் காலை பத்து மணிக்குத்தான் உறைத்தது.

அப்போது அவள் கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வெங்காயம். விடிவதற்கு வெகுமுன்பே நறுக்கியது. வெங்காயத்துக்கு என்ன, வானொலியில் கடல் வானிலை அறிக்கை வாசித்தாலே கண் கலங்குகிறவள் அவள். இன்றைக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. ஜலதோஷத்தில் மூக்கும் இரண்டு நாளாக அடைத்துக் கிடந்தது. எதை நறுக்கினோம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டிய கண், மூக்கு இரண்டுமே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கின்றன.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். புதுக் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பின்வாசல் அறைக்குப் போனாள்.

அங்கே சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் வெங்காய வலைப்பை தொங்கும். மற்றதில் டாஃபடில் பூக்கிழங்கு வலைப்பை. இரண்டும் ஒரே ஆரஞ்சு வலை. உள்ளே இருப்பதும் ஒரே உருண்டை, ஒரே பழுப்புத் தோல். அதனால்தான் அவளே கைப்பட ஓர் அட்டையில் ‘தின்னக்கூடாது’ என்று எழுதிக் கிழங்குப் பையில் கட்டியிருந்தாள். அதுவும் போதாதென்று ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவில் ஒட்டியிருந்தாள். எங்கேயோ ஒரு குடும்பம் வெங்காயம் என்று நினைத்து டாஃபடில் கிழங்கைச் சமைத்துத் தின்றுவிட்டது. வயிற்றுவலி, வாந்தி, நடுக்கம். அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம்.

இப்போது இரண்டு ஆணியும் காலியாக இருந்தன. தரையில் ஒரு வெற்றுப் பை சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் அட்டை, நூல் அறுந்து, குப்புறக் கிடந்தது.

விளக்கு எரியாமல் போய் ஒரு வாரம் ஆகிறது. காலையில் இருட்டில் கையைவிட்டு, பையின் அடியில் மிச்சமிருந்த மூன்றை எடுத்தாள். எந்தப் பை? இன்னொரு பையை அவள் கணவன் டென்சில் எடுத்துப் போயிருக்கிறான். அக்கரைச் சிறு தேவாலயத்துக்குப் பூக்கிழங்கு தருவதாக அவன் போன வாரமே சொல்லியிருந்தான். ஆனால் அவனும் இருட்டில்தானே எடுத்திருப்பான்? தோலைப் பார்க்கலாம் என்றால், அதை அப்போதே அடுப்பு நெருப்பில் போட்டாகிவிட்டது.

அடுக்களைக்குத் திரும்பி வந்து மேஜையைப் பார்த்தாள். கறியும் காய்கறியும் மாவுக்குள் வைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. பிறைபோல மடித்து, ஓரத்தைக் கயிறு முறுக்குவதுபோல முறுக்கி, இடது மூலையில் மாவிலேயே ‘ஜே’ என்று எழுத்து வைத்தது. அவளுடையது. மற்ற மூன்றையும் வெள்ளிக்கிழமை வழக்கப்படி காலையிலேயே டென்சிலிடம் கொடுத்தனுப்பியாயிற்று. ஆளுக்கொரு ருசி. ஈனக் மாமாவுடையதில் மிளகு கூடாது. டென்சிலுக்கு டர்னிப் இரண்டு பங்கு. நாத்தனார் ஐடாவுக்கு வெங்காயம் அள்ளிப் போட வேண்டும். அதனால்தான் ஓரத்தில் அவரவர் பெயரின் ஆங்கில முதல் எழுத்து. எழுத்தில்லாத முனையிலிருந்து தின்ன ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் யாருடையது என்று தெரியும்.

தன்னுடையதை வெட்டிப் பார்த்துப் பயனில்லை. நெஞ்செரிச்சல் வரும் என்ற பயத்தில் அவள் தனக்கு வெங்காயமே போட்டுக்கொள்வதில்லை.

ஜெனிஃபர் நாற்காலியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள்.

எண்ணுவது டென்சில் சொல்லிக்கொடுத்தது. போன பிப்ரவரியில் கடலில் ஒரு தலை மிதப்பதைப் பார்த்து அவள் கத்தியதில், ஊர் உயிர்காப்புப் படகே கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடிய ஒன்பது பேரை, அலையில் மிதந்த ஒரு கடல்நாய் நிதானமாகத் திரும்பிப் பார்த்தது. ஈஸ்டரில் எரிவாயு கசிகிறது என்று தெருவையே வெளியேற்றினாள். கடைசியில் அது வெந்த முட்டைக்கோஸ் நாற்றம். அதற்கப்புறம் டென்சில் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான்: “பயம் வந்தா நூறு வரைக்கும் எண்ணு ஜென். எண்ணி முடிச்சும் பயம் போகலைன்னா மறுபடி எண்ணு. யார்கிட்டயும் மட்டும் சொல்லாதே. இன்னொரு தடவை ஊர் சிரிச்சா என்னால தாங்க முடியாது.”

முப்பத்தேழில் அவள் எழுந்துவிட்டாள். யாரிடமும் சொல்லப் போவதில்லை. மூன்று பாஸ்டியையும் திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறாள். அவ்வளவுதான். அது சத்தியத்தை மீறியதாகாது.

பயம் என்பதை அவள் ஒரு வேலையாகத்தான் நினைத்திருந்தாள். மற்றவர்கள் செய்யாமல் விட்டுவிடுகிற வேலை. எல்லோரும் நிம்மதியாக இருப்பதற்கு யாராவது ஒருத்தி விழித்திருக்க வேண்டாமா? அந்த விழிப்பில்தான் அவள் சமைப்பதும். இறைச்சி வேகாமல் போய்விடுமோ என்று மற்றவர்கள் வைப்பதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக அடுப்பில் வைப்பாள். அதன் பலன்தானே, இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் கொடுத்தனுப்பியதில் ஒரு துண்டுகூட மிச்சம் வந்ததில்லை? அவள் பயப்படாமல் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது.

ஈனக் மாமா மூன்றாவது வீடு. எழுபத்தொன்பது வயது, தனிக்கட்டை. அவள் போனபோது கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றிருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க மாமா?”

“சும்மா காத்தாட, என் கண்ணு.”

“டென்சில் காலையில உங்க பாஸ்டியைக் குடுத்தாரா?”

“குடுத்தான், குடுத்தான்.”

“அதைக் கொஞ்சம் திருப்பித் தாங்களேன். உப்பு போட மறந்துட்டேன்.”

ஈனக் மாமா எதிர்க்கூரையில் உட்கார்ந்திருந்த கடற்காகத்தைப் பார்த்தார்.

“தின்னுட்டேனே!”

“பத்து மணிக்கேவா?”

“வாசனை இழுத்துச்சு கண்ணு. மனசு கேக்கலை.”

“முழுசாவா?”

“எழுத்து வரைக்கும். அப்புறம் எழுத்தையும்.”

ஜெனிஃபர் அவரை உற்றுப் பார்த்தாள். மனிதர் நேராக நிற்கவில்லை. உடம்பு வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது கையால் கோட்டின் பக்கவாட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நவம்பர் குளிரில் நெற்றியில் வேர்வை.

“அங்க வலிக்குதா மாமா?”

“எங்க?”

“கையை வெச்சிருக்கீங்களே, அங்க.”

“ஐயோ, இது வலியில்லை கண்ணு. இது சும்மா… கனம்.”

கனம். செய்தித்தாளில் அந்தச் சொல் இல்லை. ஆனால் ஒவ்வொருத்தர் வலியை ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள்.

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வெந்நீரில் மூன்று கரண்டி கடுகுப்பொடியைக் கரைத்தாள். “ஊரெல்லாம் ஜலதோஷம் மாமா. இதைக் குடிச்சா அண்டாது.” மாமாவுக்கு அவளிடம் மறுக்கும் தைரியம் இல்லை. மூன்று வாய் குடித்தார். முகம் முதலில் சிவந்தது, அப்புறம் வெளுத்தது, அப்புறம் தோட்டத்து முட்டைக்கோஸின் நிறத்துக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்.

‘வாந்தி’ என்று ஜெனிஃபர் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வரிசையில் இரண்டாவது. கடுகுத் தண்ணீர் கொடுத்தது தான்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அது ஆறுதலாக இல்லை.

“டாக்டரைக் கூப்பிடட்டுமா மாமா?”

“வேணாம் கண்ணு,” என்றார் சுவரைப் பிடித்துக்கொண்டு. “நீ போ. நீ போனாலே எனக்குச் சரியாயிடும்.”

அவள் மேட்டுத் தெருவில் ஐடாவின் வீட்டை நோக்கி ஏறினாள். சாகப்போகிறவர்கள் பிறருக்குத் தொந்தரவு தர விரும்ப மாட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது. எண்ணிக்கை எங்கே ஆரம்பித்தது என்பதே மறந்திருந்தது.

ஐடா டென்சிலின் அக்கா. ஊர்ப் பாஸ்டிப் போட்டியில் ஆறு தடவை முதல் பரிசு வாங்கியவள். போட்டி நடுவர்களையும் அவளே திட்டுவாள். ஜெனிஃபர் பின்கதவைத் திறந்ததும் ஐடா ஒரே தாவலில் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். பின்னால் எதையோ துணி போட்டு மூடினாள்.

“கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா உனக்கு?”

அவள் கண்கள் இரண்டும் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது.

“ஐடா! ஏன் அழறீங்க?”

“யார் அழறா? தூசு.”

“ரெண்டு கண்ணுலயுமா?”

“பெரிய தூசு. இப்போ என்ன வேணும் உனக்கு?”

“காலையில குடுத்தனுப்பின பாஸ்டி…”

“தின்னாச்சு,” என்றாள் ஐடா, கேள்வி முடிவதற்கு முன்னாலேயே. “ரொம்ப நல்லா இருந்துச்சு. துகள்கூட மிச்சமில்லை. கிளம்பு.”

ஜெனிஃபர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உப்புக் கதை இனி உதவாது. ஐடாவை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். கிழங்கு என்று வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும்.

“இறைச்சி… இறைச்சி கொஞ்சம் கெட்டுப்போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம். நீங்க எதுக்கும் டாக்டர்கிட்ட…”

ஐடாவின் முகம் மாறியது. ஜெனிஃபர் பயந்தபடி அல்ல. அது மலர்ந்தது.

“பொலிதோ கடை இறைச்சியா?”

“ஆமா, ஆனா…”

“அவனா! எனக்குப் போன கிறிஸ்மஸுக்கு ஜவ்வைக் கட்டிக் குடுத்தவன்! இந்த நாளுக்காக எத்தனை மாசமா காத்திருந்தேன் தெரியுமா?” ஐடா அதற்குள் தொலைபேசியைச் சுழற்றிவிட்டாள். “ஹலோ, பொலிதோ? ஐடா பேசறேன். உன் கறியைத் தின்னுட்டு இங்க நான் சாகக் கெடக்கேன்! ஆமாய்யா, உயிர் போகாத குறையா பேசிட்டிருக்கேன்! வா, வந்து பாரு! வரும்போது சவப்பெட்டியையும் எடுத்துக்கிட்டு வா!”

ரிசீவரைக் கீழே வைத்தபோது அவள் முகத்தில் ஓர் ஒளி இருந்தது. கடைசி நேரத் தெளிவு என்பார்களே, அதுவோ என்று ஜெனிஃபருக்குத் தோன்றியது.

“ஐடா, நான் போதகரை வேணா கூட்டிட்டு வரட்டுமா? ஒரு ஜெபம்…”

“அவரையா!” ஐடா திடுக்கிட்டாள். “அந்தக் கேரட் மனுஷனை இன்னைக்கு நீ ஒண்ணும் போய்ப் பார்க்க வேணாம்.”

புதுப் போதகர் ஹார்கிரீவ்ஸ் லண்டன்காரர். செப்டம்பரில்தான் வந்தார். வரவேற்பு விருந்தில் பாஸ்டியை ஒரு கடி கடித்துவிட்டு, “கொஞ்சம் கேரட் சேர்த்தா இன்னும் நல்லா இருக்குமே” என்றார். கார்ன்வால் முழுக்கத் தேடினாலும் பாஸ்டியில் கேரட் போடுகிற வீடு இராது. அன்றைக்குக் கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. அப்புறம் யாரும் அவருடன் சரியாகப் பேசவில்லை.

“அந்த ஆளே ஒரு மாதிரி ஆயிட்டாரு,” என்றாள் ஐடா. “வெள்ளிக்கிழமை ஆனா திரையெல்லாம் இழுத்து மூடிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை மேடையில நின்னு ‘பகைவரை மன்னிப்போம்’னு சொல்லும்போது கை எப்படி நடுங்குது பார்த்தியா? இந்த ஊர்ல அவருக்கு யாரு பகை? நீ போ ஜென். எனக்கு வேலை இருக்கு.”

இவளும் ‘நீ போ’ என்கிறாள்.

படகுத்துறைக்கு அரை மணி நேர நடை. ஜெனிஃபர் பாதி வழி ஓடினாள், பாதி வழி நின்றாள். கற்பனை அவளை விட முன்னால் ஓடியது: ஈனக் மாமாவுக்கு ஒரு பெட்டி, ஐடாவுக்கு இன்னும் அகலமான பெட்டி. மூன்றாவது பெட்டியின் அருகில் போகும்போது மட்டும் அவள் மனம் கண்ணை மூடிக்கொண்டது. டென்சில் இல்லாத வீட்டில் யாருக்காக அடுப்பை மூன்று தடவை போய்ப் பார்ப்பது? அவள் பயந்ததெல்லாம் அவனுக்காகத்தான் என்றும், அவனிடம்தான் அதைச் சொல்லக்கூடாது என்றும் இருந்தது அந்த நடையில் முதல் தடவையாக அவளுக்கு விசித்திரமாகப் பட்டது.

டென்சில் ஒரு மீன்படகின் அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுரண்டியைத் தாழ்த்தினான்.

“எத்தனை வரைக்கும் எண்ணினே?”

“நானூத்திப் பன்னெண்டு.”

“சரி. உட்காரு. மூச்சு விடு.”

“பாஸ்டி தின்னீங்களா?”

“தின்னேனே.”

“எவ்வளவு?”

“முழுசா. வழக்கம்போல அருமை.”

“அந்தப் பை? காலையில எடுத்துட்டு வந்தீங்களே?”

“கிழங்கா? படகுக்காரன்கிட்ட குடுத்து அப்பவே அக்கரைக்கு அனுப்பிட்டேன்.”

“அது கிழங்குதான்னு பார்த்தீங்களா?”

“இருட்டுல என்னத்தைப் பார்க்கறது? கைக்கு ஒரு பை கிடைச்சுது. ஏன்?”

சத்தியம் அவள் வாயிலிருந்து பல் விழுவதுபோல விழுந்தது. கண் கலங்காதது, அறுந்த நூல், அட்டை, மாமாவின் வாந்தி, ஐடாவின் சிவந்த கண், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கொட்ட கொட்ட டென்சிலின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தாள். சுரண்டி கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது.

“வலி வந்துடுச்சா? டென்சில்! எங்க வலிக்குது?”

“ஜென்…” என்றான். “நான் அதைத் தின்னலை.”

அவள் அங்கிருந்த கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் மெதுவாக நிமிர்ந்தாள்.

“இன்னைக்கா?”

டென்சில் படகின் அடிப்பலகையைப் பார்த்தான்.

“இன்னைக்கும்.”

தூரத்தில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அந்த ஒரு ‘உம்’ இருபத்திரண்டு வருஷத்தின் வழியாகப் பின்னோக்கி நடந்து போவதை ஜெனிஃபர் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ ரொம்பப் பயந்து வேக வெக்கறே ஜென். பல்லு உடைஞ்சுடும்போல இருக்கு. உன்கிட்ட சொல்ல மனசு வரலை. முன்னாடியெல்லாம் கடற்காகத்துக்குப் போட்டுடுவேன். அப்புறம் அதுங்களும் வேணாங்க ஆரம்பிச்சிடுச்சுங்க.”

“இப்போ?”

“இப்போதான் விஷயமே. செப்டம்பர்லேருந்து புதுப் போதகர் வீட்டு வாசப்படியில வெச்சுட்டு வந்துடறேன். கேரட் போடலாம்னு சொன்ன மனுஷனுக்கு ருசி எங்க தெரியப் போகுதுன்னு. இன்னைக்குக் காலையிலயும் ஏழரைக்கு…”

அவன் முடிப்பதற்குள் துறை வாசலில் கூச்சல் கேட்டது. முன்னால் ஐடா. அவளுக்குப் பின்னால் கசாப்புக்கடைக்காரர் பொலிதோ, ரத்தக்கறை ஏப்ரனோடு, கையில் கொத்துக்கத்தியோடு. கறி கொத்திக்கொண்டிருந்தவர் தொலைபேசி கேட்டு அப்படியே ஐடா வீட்டுக்கு ஓடி, அங்கிருந்து ஜெனிஃபரைத் தேடி வந்திருக்கிறார். கடைசியில், வழியில் கூச்சல் கேட்டுச் சேர்ந்துகொண்ட ஈனக் மாமா, இன்னும் இளம்பச்சையாக.

“என் கறியில விஷமா?” பொலிதோ கத்தியை ஆட்டினார். “சாகக் கெடக்கேன்னாளே, இவ நடையைப் பாருங்க! மேட்டுத் தெருவுலேருந்து எனக்கு முன்னால ஓடி வர்றா!”

“கறி இல்லை அண்ணே,” என்றான் டென்சில். “வெங்காயத்துக்குப் பதிலா பூக்கிழங்கு விழுந்திருக்கலாம்னு ஜென் பயப்படறா. நாங்க யாரும்… அதாவது நான் தின்னலை. போதகர் தின்னிருப்பாரு. அவர் வாசல்ல வெச்சேன்.”

ஐடாவின் கை வாய்க்குப் போனது.

“எந்தப் போதகர்?”

“நம்ம ஊர்ல எத்தனை போதகர் இருக்காங்க?”

“ஐயோ, என்னோடதையும் அங்கதான்டா வெச்சுட்டு வந்தேன்! எப்பவும் பத்தே முக்கால், பதினொண்ணுக்கு வெப்பேன்.”

ஈனக் மாமா தொப்பியைக் கழற்றினார்.

“நான் பதினொண்ணேகாலுக்கு.”

“மாமா! நீங்க தின்னுட்டேன்னு சொன்னீங்களே! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே!”

“வயிறு இல்லை கண்ணு. கோட்டுப் பை. உன் பாஸ்டி பையில இருந்தா ஒரு பக்கமா இழுக்கும்.”

“அப்போ ஐடா, உங்க கண்ணு?”

“எனக்கு நானே வேற பாஸ்டி செஞ்சுக்கிட்டிருந்தேன்,” என்றாள் ஐடா, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சன்னக் குரலில். “வெங்காயம் நறுக்கினேன். நேர்ல குடுத்தா அந்த ஆள் ஞாயித்துக்கிழமை மேடையில நன்றி சொல்லிடுவாரு, உன் காதுக்கு எட்டிடும். அதான் சத்தமில்லாம வெச்சுட்டு ஓடிடுவேன். இவனும் அங்கதான் வெக்கறான்னு எனக்கென்ன தெரியும்?”

மூன்று பாஸ்டியும் ஒரே மனிதருக்கு. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். பொலிதோகூடக் கத்தியை இறக்கிவிட்டார்.

ஜெனிஃபர் தன் பயத்தைத் தேடினாள், பையில் சாவியைத் துழாவுவதுபோல. அது அங்கே இல்லை. இத்தனை வருஷம் தனியாகச் சுமந்ததை நான்கு பேர் ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டதும் உள்ளே ஓர் இடம் காலியாகிவிட்டிருந்தது. அவமானம் பிறகு வரும், நிச்சயம் வரும், இரவு பாத்திரம் கழுவும்போது வரும். இப்போது வரவில்லை.

“நின்னுட்டிருந்தா எப்படி?” என்றாள். “ஓடலாம் வாங்க.”

போதகர் வீட்டில் எல்லாத் திரையும் மூடியிருந்தது. வாசப்படியில் ஒரே ஒரு பாஸ்டி, காகிதத்தின் மேல், ‘ஈ’ எழுத்து வெளியே தெரிய. மற்ற இரண்டையும் காணவில்லை.

“ரெண்டு உள்ள போயிடுச்சு,” என்றாள் ஐடா.

டென்சில் கதவை இடித்தான். பதில் இல்லை. பொலிதோ கத்தியின் பிடியால் இடித்தார். ஈனக் மாமா குனிந்து, கடிதம் போடும் துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினார்:

“ஐயா! வெச்சதைத் தின்னுட்டீங்களா இல்லையா? உண்மையைச் சொல்லிடுங்க! நாங்க எல்லாரும் வந்திருக்கோம்!”

உள்ளே ஏதோ கனமாக விழுந்து உருண்டது. பிறகு மெல்லிய குரல்.

“தின்னலை! சத்தியமா தின்னலை! நான் இன்னைக்கே ஊரைவிட்டுப் போயிடறேன்!”

“ஜன்னி,” என்று ஐடா கிசுகிசுத்தாள். “கண்டபடி பேசறாரு. தலைக்கு ஏறிடுச்சு.”

“கதவை உடைச்சுடவா?” என்று பொலிதோ கத்தியைத் தூக்கினார்.

“பொறுங்க.” ஜெனிஃபர் படியிலிருந்த பாஸ்டியை எடுத்தாள். இரண்டு கையாலும் முறித்துப் பார்த்தாள். முறியவில்லை. படிக்கல்லில் ஓங்கித் தட்டினாள். மூன்றாவது தட்டில் பிளந்தது. “மாமா, நீங்க பாருங்க.”

ஈனக் மாமா ஐம்பது வருஷம் டாஃபடில் வயலில் கிழங்கு தோண்டியவர். ஒரு துணுக்கை எடுத்து முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்தார். மெல்ல மென்றார். எல்லோரும் அவர் தாடையையே பார்த்தார்கள்.

“வெங்காயம்,” என்றார். “அப்பட்டமான வெங்காயம். கிழங்குன்னா நாக்குல வெச்சதுமே தெரிஞ்சிருக்கும்.” இன்னொரு துணுக்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். “உள்ள நல்லாத்தான் இருக்கு கண்ணு. அங்க போய்ச் சேரத்தான் உளி வேணும்.”

டென்சில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பொலிதோ ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்போ உன் கண்ணு ஏன் கலங்கலை?” என்று ஐடா ஜெனிஃபரின் பக்கம் திரும்பினாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். “இதென்னடி, இவ்வளவு பெரிய ரெண்டு ஜன்னல்? எப்போ மாட்டினே?”

ஜெனிஃபர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

“செவ்வாய்க்கிழமை.”

“அதானே பார்த்தேன்! வெங்காயம் எந்த வழியா உள்ள வரும்?”

ஒரே நேரத்தில் நான்கு பேர் சிரித்தார்கள். உள்ளே கேட்டவருக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஜெனிஃபருக்கு மட்டும்தான் தோன்றியது. அவள் குனிந்து துவாரத்தின் அருகில் வாயை வைத்தாள். மெதுவாகப் பேசினாள்.

“ஐயா, நான் ஜெனிஃபர். அந்தக் கடல்நாய் ஜெனிஃபர். பயம்னா என்னன்னு எனக்குத் தெரியும். திறங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

நெடுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. சங்கிலி மாட்டிய இடுக்கில் ஹார்கிரீவ்ஸின் முகம் தெரிந்தது. இரண்டு மாதத்தில் பாதி முகம்தான் மிச்சமிருந்தது. கோட்டு போட்டிருந்தார், கையில் பெட்டி. கண் நேராகப் பொலிதோவின் கத்திக்குப் போனது.

“கேரட்டைப் பத்தி நான் சொன்னது தப்புதான்,” என்றார். “மன்னிச்சிடுங்க. ஆனா நான் ஒண்ணைக்கூடத் தின்னலை. எட்டு வாரமா எல்லாத்தையும் ஆப்பிள் மரத்தடியில புதைச்சுட்டு வர்றேன்.”

“நீங்க மன்னிப்பு கேக்க வேணாம் ஐயா,” என்றாள் ஜெனிஃபர். “அதெல்லாம் நான் செஞ்சது. இவங்களுக்குச் செஞ்சது. இவங்க தின்ன முடியாம உங்க வாசல்ல வெச்சுட்டாங்க. ஓரத்துல எழுத்து இருக்கே, அது எங்க ஊர் வழக்கம். யாரோடதுன்னு தெரியறதுக்காகப் பேரோட முதல் எழுத்தை வெப்போம். காலையில முதல்ல வந்தது டென்சிலோடது, டி. நடுவுல வந்தது ஐடாவோடது, ஐ. கடைசியா வந்தது ஈனக் மாமாவோடது, ஈ.”

போதகர் மூவரையும் ஒவ்வொருவராக, அதே வரிசையில் பார்த்தார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பெட்டி கையிலிருந்து நழுவியது.

“அப்போ… எட்டு வாரமா வெள்ளிக்கிழமை தவறாம என் வாசப்படியில டி, அப்புறம் ஐ, அப்புறம் ஈ… அது ‘டை’ன்னு, என்னைச் ‘செத்துப் போ’ன்னு சொன்னது இல்லையா?”